மீட்டர் கால் டேங்க் காட்டுகிறது, படகு நடு ஆற்றில் நிற்கிறது

கேள்வி: பூலாம்பட்டியில் காவிரியின் கதவணைத் தேக்கத்தில் சுற்றுலா வருபவர்களுக்காக ஒரு பான்டூன் படகு ஓட்டுகிறோமுங்க. இரண்டு அலுமினிய மிதவை, 12 பேர் உட்காரலாம், படகின் பின்னால் வெளியே மாட்டுகிற 40 ஹெச்பி பெட்ரோல் அவுட்போர்டு இன்ஜின், பின்சீட்டுக்கு அடியில் 60 லிட்டர் டேங்க். போன ஆடியில் மீட்டர் கால் டேங்க் காட்டும்போதே பெட்ரோல் தீர்ந்து நின்றுவிட்டோம். அப்புறம் சமீபத்தில் இன்னொரு தடவை. விசைப்படகுக்காரர்கள்தான் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தார்கள். மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே பெட்ரோல் இருக்கிறது, இன்ஜினும் உடனே பிடித்துக்கொண்டது! மீட்டரை மாற்றிவிட்டால் சரியாகிவிடுங்களா?

பதில்: மாற்றுவதென்றால் மாற்றுங்கள். ஆனால் அதோடு விஷயம் முடியாது. நீங்கள் சொல்வது இரண்டு வெவ்வேறு கோளாறு. இரண்டாவதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதைச் சரிசெய்யக் காசே வேண்டாம்.

"மூடியைத் திறந்தோம், உடனே ஸ்டார்ட் ஆனது" என்கிறீர்களே, அதில்தான் பதில் இருக்கிறது. டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காகப் படகின் பக்கவாட்டில் ஒரு சின்ன காற்றுத்துளை இருக்கும். அது அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. திறக்கும்போது 'புஸ்' என்று சத்தம் கேட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். அடைத்தது யார் என்றால், பெரும்பாலும் குளவிதான். படகைச் சில நாள் கட்டிப்போட்டால் போதும், மண்ணை உருட்டிவந்து துளைக்குள் கூடு கட்டிவிடும். வலை இருந்தால் கழற்றிக் கழுவுங்கள், குழாயை டேங்க் பக்கம் கழற்றி உள்ளிருந்து வெளியே ஊதிப்பாருங்கள். கம்பி விட்டுக் குத்தினால் மண் உள்ளே போய் விழும், அது வேண்டாம்.

அடுத்த முறை நின்றால் பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் பல்பைக் கையால் பிடித்துப் பாருங்கள். சப்பையாக உறிஞ்சி ஒட்டிக்கிடந்தால் டேங்க் பக்கம் அடைப்பு: காற்றுத்துளையோ, டேங்கிலிருந்து குழாய் புறப்படும் இடமோ. எத்தனை முறை அமுக்கினாலும் கெட்டியாகாமல் தொளதொளவென்று இருந்தால், ஒன்று பெட்ரோல் தீர்ந்துவிட்டது, இல்லையென்றால் எங்கோ காற்று இழுக்கிறது. அமுக்கியதும் கல் மாதிரி இறுகினால் பெட்ரோல் வந்துகொண்டுதான் இருக்கிறது, கோளாறு இன்ஜின் பக்கம். ஓட்டுகிற பையனுக்கு இந்த மூன்றையும் கையைப் பிடித்துக் காட்டிவிடுங்கள்.

சரி, இனி மீட்டர். பான்டூனில் டேங்க் உயரம் குறைவாகவும் அகலமாகவும் இருக்கும். உள்ளே ஒரு மிதவை மேலும் கீழும் போய் அளவைச் சொல்கிறது. நாலு பேர் பின்சீட்டில் உட்கார்ந்தால் படகின் பின்பக்கம் இறங்கும், பெட்ரோல் ஒரு பக்கமாகச் சாயும், முள் வேறு கதை சொல்லும். போதாததற்கு, உறிஞ்சு குழாய் டேங்கின் அடிவரை போகாது. அடியில் கசடும் தண்ணீரும் தங்கும் என்பதால் கொஞ்சம் மேலேயே நிறுத்தியிருப்பார்கள். அகலமான டேங்கில் அந்தக் கொஞ்சம் சில லிட்டர். எனவே 60 லிட்டரில் 54 தான் உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் புதிதானாலும் இது மாறாது.

என் யோசனை: முள்ளைப் பார்த்து ஓட்டாதீர்கள், மணிக்கணக்கைப் பார்த்து ஓட்டுங்கள். கார், பைக் மாதிரி "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்" என்று படகில் கேட்பதில் பிரயோஜனம் இல்லை. நீரோட்டம் ஒன்று, காற்று ஒன்று, ஏறியிருக்கும் ஆள் கணக்கு ஒன்று, எல்லாம் சேர்ந்து தூரத்தை மாற்றிவிடும். மணிக்கு எத்தனை லிட்டர் என்பதுதான் கேள்வி. 40 ஹெச்பி இன்ஜினை முழுசாக முறுக்கினால் மணிக்கு 12 முதல் 15 லிட்டர் வரை குடிக்கும். அதே இன்ஜினை முக்கால்வாசி ஆர்பிஎம்மில் ஓட்டினால் ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும். உங்கள் படகின் சரியான எண் வேண்டுமென்றால் நீங்களேதான் அளக்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் படகைச் சமமாக நிறுத்தி, குறிப்பிட்ட அளவு வரை நிரப்புங்கள். பிறகு வழக்கமான பாரத்தோடு, வழக்கமான ஆர்பிஎம்மில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அதே இடத்தில் கட்டி, அளவு போட்ட கேனால் அதே அளவு வரை திரும்ப நிரப்புங்கள். எத்தனை லிட்டர் போனதோ அதுதான் உங்கள் கணக்கு. இன்ஜினில் மணி காட்டும் மீட்டர் இல்லாவிட்டால் தனியாக வாங்கி மாட்டலாம், பெரிய செலவில்லை.

டேங்கின் வாய் நேராக இருந்தால் ஒரு காய்ந்த மரக்குச்சியே போதும். காலி டேங்கில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் குச்சியை அடிவரை விட்டு எடுத்து, நனைந்த இடத்தில் கத்தியால் ஒரு வெட்டு. அந்தக் குச்சி மீட்டரைவிட நம்பகமானது. குழாய் வளைந்து போனால் இது நடக்காது.

படகுக்காரர்கள் சொல்லும் பழைய கணக்கு ஒன்று உண்டு: போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மிச்சம் ஒரு பங்கு கையில். 54 லிட்டரில் அது 18, 18, 18. நீங்கள் தூரப் பயணம் போவதில்லை, கரையைச் சுற்றியே திரும்பத் திரும்ப ஓட்டுகிறீர்கள். அதனால் இதை மணியாக மாற்றிக்கொள்ளுங்கள். மணிக்கு 7 லிட்டர் என்று வந்தால், 36 லிட்டர் ஐந்து மணி நேரம். ஐந்து மணி ஓடியாச்சா, முள் பாதியிலேயே நின்றாலும் அடுத்த டிக்கெட் கொடுக்காமல் நிரப்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் "இன்னும் ஒரு ரவுண்டு" என்று தோன்றும். அந்த ஒரு ரவுண்டில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள்.

ஆடியில் இந்தக் கணக்கையும் குறைத்துக்கொள்ள வேண்டும். உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே மேற்குக் காற்றுதான் உங்கள் கூரையிலும் மோதுகிறது. பான்டூனின் கூரை அந்தக் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. எதிரே மேற்குக் கரையில் இருக்கும் நெரிஞ்சிப்பேட்டைப் பக்கம் போகும்போது எதிர்க்காற்று, பூலாம்பட்டிக்குத் திரும்பும்போது தள்ளிவிடும். அந்த வகையில் உங்கள் கரை நல்ல கரை. கூரையை மடிக்க முடியுமென்றால் பலத்த காற்றில் மடித்துவிடுங்கள். அதே பருவத்தில் மேட்டூரிலும் தண்ணீர் திறப்பார்கள், வழக்கமான தேதி ஜூன் 12. ஓட்டம் கூடிய நாட்களில் முதலில் காற்றை எதிர்த்து மேற்கே, அல்லது நீரோட்டத்தை எதிர்த்து வடக்கே போங்கள். கடினமான பாதி டேங்க் நிறைந்திருக்கும்போதே முடிந்துவிடும். கதவணைப் பக்கம் இறங்கிப் போய்விட்டு எதிர்த்து ஏறி வருவது தலைகீழ் வேலை.

பெட்ரோல் குறைந்தது தெரிந்தால், தீருவதற்குள் கரை சேர்ந்துவிடலாம் என்று முறுக்குகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பாதி வழிகூட வராது. வேகம் கூடக்கூடத் தண்ணீரின் எதிர்ப்பு பல மடங்காகும். மூக்கு தூக்காமல், நிதானமான வேகத்தில் வாருங்கள். பாரம் பின்னாலேயே குவியாமல் ஆட்களைக் கொஞ்சம் முன்னே உட்காரவையுங்கள். இன்ஜின் அலறுகிறது, படகு நகரவில்லை என்றால் புரொப்பெல்லரில் ஆகாயத்தாமரை சுற்றியிருக்கும். இன்ஜினை நிறுத்தி, தூக்கி, வேரோடு உருவி எடுங்கள்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பங்க்கில் பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்ததுதான் கிடைக்கிறது. பல அவுட்போர்டு கையேடுகள் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன, உங்களுடையதைப் புரட்டிப் பாருங்கள். எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் முன்பு அளந்த கணக்கு இப்போது கொஞ்சம் பொய்யாகும். தவிர அது தண்ணீரை இழுக்கும். வாரக்கணக்கில் அரை டேங்கோடு கட்டிப்போட்டால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கி, இன்ஜின் முதலில் அதைத்தான் குடிக்கும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று கட்டாயம் போடுங்கள்.

கேனில் ரிசர்வ் வைத்து, ஆட்கள் இருக்கும் படகில் நடு ஆற்றில் ஊற்றுவது எனக்குப் பிடிக்காத வேலை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, சீட்டுக்கு அடியில் இறங்கித் தங்கிவிடும். அதற்குப் பதில் 12 லிட்டர் தனி டேங்க் ஒன்று, அதே இன்ஜினுக்குப் பொருந்தும் குழாயோடு வாங்கி, காற்றோட்டமான இடத்தில் கட்டிவையுங்கள். தேவைப்பட்டால் குழாயை மாற்றிச் சொருகி, மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்தால் போதும். அதை நிரப்புவது கரையில், தரையில் வைத்து.

இவ்வளவுக்கும் மேல் இன்ஜின் நின்றால், முதல் வேலை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது இல்லை, நங்கூரம் போடுவது. நின்ற படகை ஓட்டம் கதவணைப் பக்கம்தான் கொண்டுபோகும், பான்டூனைத் துடுப்புப் போட்டு எதிர்த்துக் கொண்டுவர முடியாது. லைஃப் ஜாக்கெட் எல்லோர் மேலும் ஏற்கெனவே இருக்க வேண்டும். நங்கூரக் கயிறு தண்ணீர் ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது நீளம் வேண்டும். ஆழத்துக்குச் சரியாக விட்டால் நங்கூரம் மண்ணைப் பிடிக்காமல் இழுபடும். கயிற்றின் மறுமுனை படகில் கட்டியிருக்கிறதா என்பதைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள், அவசரத்தில் நங்கூரத்தோடு கயிறும் சேர்ந்து ஆற்றுக்குள் போனது உண்டு.