அடியில் போன நிறம் எங்கும் போகவில்லை
வண்ணங்கள் பற்றி வாசகர் கேள்வி, பதில்

அக்ரிலிக்கில் (தண்ணீரில் கரைத்துப் பூசும், காய்ந்தால் பிளாஸ்டிக் படலமாகும் பெயிண்ட்) அடுக்கடுக்காக அரூப ஓவியம், அதாவது உருவம் எதுவும் இல்லாத படம், தீட்டுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. ஒரே சந்தேகத்தைப் பல பேர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வாசகர், திண்டுக்கல்: இரண்டு மூன்று நிறம் வரை படம் அழகாக இருக்கிறது. அதற்கு மேல் வைக்க வைக்க எல்லாம் கலங்கி, சேற்று நிறமாகிவிடுகிறது. ஐந்து கேன்வாஸ் இப்படியே போயிற்று. பெயிண்ட் சரியில்லையா?

பெயிண்டில் கோளாறு இல்லை, நீங்கள் காய விடவில்லை. ஆரஞ்சு ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் நீலத்தை இழுத்தால் இரண்டும் கலந்து பழுப்புதான் வரும், எந்தக் கம்பெனி டியூபாக இருந்தாலும் அதுதான் வரும். அதே ஆரஞ்சைக் காய விட்டு, பிரஷ்ஷில் இருக்கும் நீலத்தைத் துணியில் பாதி துடைத்துவிட்டு, மேலோடு உரசினாற்போல் வைத்துப் பாருங்கள். நீலத்தின் இடுக்குகளில் ஆரஞ்சு கனன்றுகொண்டு தெரியும். காய்ந்ததா இல்லையா என்று விரலால் அழுத்திப் பார்க்க வேண்டாம், புறங்கையை வையுங்கள். சில்லென்று இருந்தால் தண்ணீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த விஷயம், எந்த நிறம் மறைக்கும், எந்த நிறம் காட்டும் என்பது. டியூபின் மேல் சின்னதாக ஒரு சதுரம் போட்டிருப்பார்கள். உள்ளே நிரப்பியிருந்தால் அடியில் இருப்பதை மறைக்கும், வெறும் கோடாக இருந்தால் கண்ணாடி மாதிரி காட்டும், பாதி நிரம்பியிருந்தால் இரண்டுக்கும் நடுவில். சதுரம் இல்லாத டியூப் என்றால் ஒரு தாளில் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டு, காய்ந்ததும் அதன் குறுக்கே ஒவ்வொரு நிறத்தையும் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், கோடு தெரிகிறதா மறைகிறதா என்று. டைட்டானியம் வெள்ளையும் காட்மியம் நிறங்களும் மறைக்கும். தேலோ நீலம், தேலோ பச்சை, குவினாக்ரிடோன் வகை ரோஸ், மெஜந்தா எல்லாம் காட்டும். உங்கள் கடிதத்தோடு அனுப்பிய போட்டோவைப் பார்த்தால் எல்லா நிறத்திலும் வெள்ளையைக் கலந்திருப்பது தெரிகிறது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு அடுக்கும் முந்தியதை மூடிக்கொண்டே போகும், பத்து அடுக்கு வைத்தும் ஒரே அடுக்குதான் கண்ணுக்குத் தெரியும். ஒரு வாரத்துக்கு வெள்ளை டியூபை எடுக்காமல் வேலை செய்து பாருங்கள்.

இன்னொன்று, அக்ரிலிக் காய்ந்தால் கொஞ்சம் கருக்கும். ஈரத்தில் அதன் பசை பால் போல இருக்கிறது, காய்ந்ததும் தெளிந்துவிடுகிறது, அந்தப் பால் வெளுப்பு போனதும் நிறம் ஒரு படி இறங்குகிறது. ஈரத்தில் "சரியாக வந்துவிட்டது" என்று நினைத்து விட்ட நிறம் மறுநாள் இருண்டு நிற்பது இதனால்தான்.

கல்லூரி மாணவி, கும்பகோணம்: முதல் அடுக்கு எது, கடைசி அடுக்கு எது, மொத்தம் எத்தனை? ஒரு படத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லுங்களேன்.

இந்த வருஷம் தை மாதம் ஆரம்பித்த படம் ஒன்று, 3 அடிக்கு 4 அடி, அதையே சொல்கிறேன்.

கேன்வாஸில் ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சு இரண்டு கோட்டிங், ஒன்று காய்ந்த பிறகு ஒன்று. 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன். அப்புறம் தரையில் படுக்கவைத்து, யெல்லோ ஆக்கரையும் பர்ன்ட் சியன்னாவையும் (இரண்டும் காவி வகை நிறங்கள்) தண்ணீராகக் கரைத்து ஊற்றி, நான்கு மூலையையும் மாற்றி மாற்றித் தூக்கி ஓட விட்டேன். முதல் அடுக்குக்கு எந்தத் திட்டமும் வேண்டாம், வெள்ளைப் பரப்பைப் பார்த்தால் வரும் பயம் போனால் போதும். இவ்வளவு தண்ணீர் இந்த ஒரு அடுக்குக்கு மட்டும்தான், ஏனென்றால் ஜெஸ்ஸோ அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. மேல் அடுக்குகளில் இப்படித் தண்ணீர் விட்டால் பசை பிரிந்துபோய் நிறம் பொடியாகக் கையில் வரும்; அங்கே இளக்குவதற்குத் தண்ணீருக்குப் பதில் அக்ரிலிக் மீடியம், அதாவது நிறம் சேர்க்காத அதே பசை, ஊற்ற வேண்டும்.

மறுநாள் கரித்துண்டால் அதன் மேல் கிறுக்கினேன். கிறுக்கல் என்றால் வெறும் கோடு இல்லை, அந்த மாத வீட்டுக் கணக்கை எழுதினேன். பால், கேஸ், பள்ளிக்கூட வேன். யாரும் படிக்கப் போவதில்லை, ஆனால் நிஜமாக எழுதும் கைக்கு ஒரு வேகம் இருக்கிறது, அந்த வேகம் சும்மா கோடு போடும்போது வருவதில்லை. கரி கலையாமல் இருக்க மேலே மீடியத்தை மெல்லிசாகப் பூசிக் காய விட்டேன்.

மூன்றாவது, மறைக்கும் அடுக்கு. அல்ட்ராமரைன் நீலம், கொஞ்சம் பர்ன்ட் அம்பர் பழுப்பு, நிறைய வெள்ளை சேர்த்து மழைமேகச் சாம்பல் ஒன்று கலந்து, காலாவதியான ஏடிஎம் கார்டால் இழுத்தேன். கார்டு போகும் வழியில் மேடான இடத்தில் பெயிண்ட் பிடிக்கும், பள்ளத்தில் விட்டுப்போகும், ஓரத்தில் ஒரு தடித்த கோடு நிற்கும். பாதிக் கணக்கு மறைந்தது, "பால்" மட்டும் மிச்சம் நின்றது. அதைத் தொடவில்லை.

நான்காவது, தடிமனாகத் தடவுகிற மாடலிங் பேஸ்ட்டை வீட்டுக்குப் பட்டி பார்க்கிற தகட்டால் இடது பக்கம் தடவி, ஈரமாக இருக்கும்போதே அரிசிச் சாக்குத் துணியை வைத்து அழுத்தி உரித்தேன். நெசவு அப்படியே பதிந்தது. ஒரு ராத்திரி முழுக்கக் காய வேண்டும்.

ஐந்தாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கிளேஸ், அதாவது அடியில் இருப்பதைக் காட்டும் கண்ணாடி மாதிரி மெல்லிய நிற அடுக்கு. குவினாக்ரிடோன் மெஜந்தா ஒரு பங்கு, கிளேஸிங் மீடியம் பத்துப் பங்கு. படம் முழுக்கப் பூசி, அது இறுகுவதற்குள் பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். மேட்டிலிருந்து நிறம் போய்விட்டது, சாக்கு நெசவின் பள்ளத்தில் மட்டும் தங்கிவிட்டது. பாத்திரம் விளக்கியபின் பூவேலைப்பாட்டின் இடுக்கில் புளி தங்கியிருக்குமே, அது மாதிரி. சாம்பல் இருந்த இடங்களில் மெஜந்தா லேசாகப் படிந்து, சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்து வானம் மாதிரி ஒரு நிறம் வந்தது. டியூபில் அந்த நிறம் கிடையாது. தட்டில் கலந்தாலும் வராது. அடுக்கினால்தான் வரும்.

அதற்குப் பிறகு தேய்ப்பு. 400 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து, வட்டவட்டமாக, அவசரப்படாமல். நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது, மூச்சில் போகாது. தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் விலகி முதல் நாள் ஊற்றிய காவி மேலே வந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் மூடிய நிறம், எழுத்தோடு வந்தது.

எத்தனை அடுக்கு என்றால், இந்தப் படத்தில் சில இடத்தில் பதினொன்று, வலது மேல் மூலையில் மூன்றே மூன்று. எல்லா இடத்திலும் சமமாக அடுக்காதீர்கள். கனமான இடம் கனமாகத் தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் மூச்சு விடுகிற இடம் ஒன்று இருக்க வேண்டும்.

வாசகர், நாகர்கோவில்: சுவருக்கு அடிக்கும் எமல்ஷனை உபயோகிக்கலாமா? டியூப் விலை கட்டுப்படியாகவில்லை.

பழகுவதற்குத் தாராளமாக. அதுவும் பெரும்பாலும் அக்ரிலிக் சார்ந்த பசைதான். ஆனால் நிறமி குறைவு, சுண்ணப்பொடி மாதிரி நிரப்பிகள் அதிகம், அதனால் கண்ணாடி போன்ற அடுக்கு அதில் வராது, வெயிலில் நிறம் எவ்வளவு நாள் நிற்கும் என்றும் சொல்ல முடியாது. அட்டையிலோ பிளைவுட் துண்டிலோ செய்து பாருங்கள். காசு வாங்கிக்கொண்டு ஒருவர் வீட்டுக்குக் கொடுக்கும் படத்தில் வேண்டாம். அதற்கு நல்ல டியூப் நான்கே நான்கு வாங்குங்கள்: ஒரு மஞ்சள், ஒரு மெஜந்தா, ஒரு நீலம், ஒரு வெள்ளை. மீதியைக் கலந்துகொள்ளலாம்.

வாசகி, வேலூர்: வீட்டில் பழைய ஆயில் பெயிண்டிங் ஒன்று இருக்கிறது. அதன் மேலேயே அக்ரிலிக்கில் அடுக்கலாமா?

கூடாது. எண்ணெய்ப் பரப்பில் அக்ரிலிக் பிடிக்காது, நாளாக ஆகத் தகடாக உரிந்து வரும். அக்ரிலிக் மேல் ஆயில் வைக்கலாம், ஆயில் மேல் அக்ரிலிக் கூடாது. வேறு கேன்வாஸ் எடுங்கள்.

வாசகர், சென்னை: மே மாதத்தில் பிரஷ்ஷை எடுப்பதற்குள் பெயிண்ட் காய்ந்துவிடுகிறது. கிளேஸ் பூசினால் பட்டைப் பட்டையாக நிற்கிறது.

ஃபேனை நிறுத்துங்கள். கஷ்டம்தான், தெரிகிறது, ஆனால் கிளேஸ் பூசும் அந்தப் பத்து நிமிஷமாவது. விடியற்காலை ஐந்திலிருந்து எட்டு மணிக்குள் கிளேஸ் வேலையை முடித்துக்கொண்டு, தேய்ப்பு, கிறுக்கல் எல்லாவற்றையும் பகலுக்குத் தள்ளுங்கள். தட்டுக்குப் பதிலாக ஒரு மூடி போட்ட டிபன் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்ச் வைத்து, அதன் மேல் பட்டர் பேப்பர் விரித்துப் பெயிண்டை வைத்தால் இரண்டு நாள்கூட ஈரமாக இருக்கும். காய்வதைத் தாமதமாக்கும் ரிடார்டர் சில சொட்டு சேர்க்கலாம், டப்பாவில் போட்டிருக்கும் அளவைத் தாண்டினால் மேல்பரப்பு பிசுபிசுவென்று நின்றுவிடும்.

வெயிலில் நான் படித்த பாடம் வேறொன்று. ஒரு கண்காட்சிக்காக இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைத்துக் கட்டி, மாடி அறையில் ஒரு வாரம் வைத்திருந்தேன். காய்ந்து பல நாள் ஆன படங்கள். பிரித்தபோது ஒன்றின் நீலம் மற்றொன்றில் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து ஒட்டிக்கொண்டு வந்தது. அக்ரிலிக் ஒரு பிளாஸ்டிக் படலம், சூட்டில் இளகும், அழுத்தினால் ஒன்றோடொன்று ஒட்டும். அன்றிலிருந்து இரண்டு படத்துக்கு நடுவில் இடைவெளி விடாமல் கட்டுவதில்லை, பெயிண்ட் மேல் எதுவும் உரசாதபடி மூலைகளில் அட்டை மடித்து வைத்துவிடுகிறேன்.

வாசகி, ராஜபாளையம்: வீட்டில் எல்லோரும் "இது என்ன படம்?" என்று கேட்கிறார்கள். என் மாமனார் தினமும் கேட்கிறார். என்ன சொல்வது?

உங்கள் மாமனாரிடம், அவர் சிறுவயதில் இருந்த வீட்டுச் சுவரைப் பற்றிக் கேளுங்கள். பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிப்பார்கள், பளிச்சென்று தெரிய அதில் நீலம் கலப்பார்கள், ஒரு வருஷம் நீலம் கூடிப்போகும், ஒரு வருஷம் காவி. இருபது முப்பது பொங்கல் ஒன்றன்மேல் ஒன்றாக அந்தச் சுவரில் இருக்கும். மழையில் ஒரு இடம் பொரிந்து விழுந்தால் அத்தனை வருஷமும் ஓரம் ஓரமாகத் தெரியும், வெள்ளை, வெளிர்நீலம், மறுபடி வெள்ளை, உள்ளே காவி. அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் நிறையப் பேர், நானும்தான். யாரும் அதை என்ன படம் என்று கேட்டதில்லை. (அந்தக் காலத்தில் சுண்ணாம்பில் கலந்த நீலப்பொடியும் நம் டியூபில் இருக்கும் அல்ட்ராமரைனும் ஒரே சரக்குதான். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நீலம் அது.)

அவரைப் படத்துக்குக் கிட்டே கூப்பிட்டு ஒரு ஓரத்தைக் காட்டி, எது முதலில் வைத்தது, எது பிறகு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஒருநாள் சென்னை ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு அழைத்துப் போங்கள், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-ல் தொடங்கியது. அங்கே இருக்கும் அருங்காட்சியகத்தில் படங்களை நேரில், மூக்கு தொடுகிற தூரத்தில் பார்க்கலாம். போனில் பார்த்தால் எல்லாப் படமும் ஒரே அடுக்குதான்.

வாசகர், ஈரோடு: பிரஷ் கழுவிய தண்ணீரை சிங்கில் ஊற்றலாமா?

வேண்டாம். பிளாஸ்டிக் துகள்தான் அது. பக்கெட்டில் இரண்டு நாள் விட்டால் ஒரு பகுதி அடியில் தங்கிவிடும், அதைக் காகிதத்தால் வழித்துக் காய வைத்துக் குப்பையில் போடுங்கள். பிரஷ்ஷைக் கழுவுமுன் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டால் தண்ணீரில் போவதே குறையும்.

வாசகி, மதுரை: படம் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு மூலை மட்டும் மிக அழகாக வந்துவிடுகிறது, அதைக் கெடுக்கப் பயந்து மற்றதையும் தொட முடியவில்லை.

இந்த ஒரு கேள்விக்காகவே இந்த மாதம் எழுத உட்கார்ந்தேன். அந்த அழகான மூலைதான் உங்கள் படத்தை நிறுத்தி வைத்திருக்கிறது. அதைச் சுற்றியே மற்ற எல்லாவற்றையும் அமைக்கப் பார்க்கிறீர்கள், மீதிப் படம் அதற்கு வேலைக்காரனாகிவிடுகிறது. மூடுங்கள். முழுக்க வேண்டாம், கிளேஸ் ஒன்றைப் போட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மனசு சமாதானமாகும். அடியில் இருப்பது எங்கேயும் போகாது, தேய்த்தால் வரும், பஞ்சில் ஸ்பிரிட் (ஆல்கஹால்) தொட்டுத் துடைத்தாலும் வரும். வந்தபோது முன்பைவிட நன்றாக இருக்கும், ஏனென்றால் இப்போது அதைச் சுற்றி ஒரு படம் இருக்கும்.

நம் நாட்டின் அரூப ஓவியர் வி.எஸ். கைதொண்டே எண்ணெய் வண்ணத்தில்தான் தீட்டினார், ரோலராலும் பேலட் கத்தியாலும் அடுக்கி, ஈரத்தில் காகிதத் துண்டுகளை ஒட்டி எடுத்து, கீழ் அடுக்கை வெளிக்கொண்டு வருவார். வருஷத்துக்கு ஐந்தாறு படங்கள்தான். மீதி நாளெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார், யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அக்ரிலிக் அரை மணியில் காய்ந்துவிடுவதால் நமக்கு அந்தப் பார்க்கும் நேரம் கிடைப்பதில்லை, நாமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் செய்வது, படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பத்து நாள் வேறு வேலை பார்ப்பது. மேலே சொன்ன தைமாதப் படத்தைத் திருப்பியபோது வலது மூலையில் ஒரு வெள்ளைக் கீற்று உறுத்தியது, அதன் மேல் காவியைக் கொஞ்சம் தொட்டேன். இன்னும் பத்து நாள். மறுபடி திருப்பி, தலைகீழாக வைத்தும் பார்த்தேன். கை எதையும் தேடவில்லை. பின்பக்கம் தேதி போட்டுவிட்டேன். வார்னிஷ் இன்னும் அடிக்கவில்லை, பேஸ்ட் தடித்த இடங்கள் உள்ளே முழுக்க இறுக இன்னும் சில வாரம் ஆகும்.