காசு கரையாமல் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது? கேள்வியும் பதிலும்

பள்ளிக்கூட விடுமுறை வந்தால் இலங்கையின் கிழக்கே, நம் மட்டக்களப்புப் பக்கம் எல்லா வீட்டிலும் இந்தக் கேள்விதான். ஆரம்பப் பிரிவு ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். விலை எதுவும் எழுதவில்லை. இன்றைய விலை நாளைக்கு இல்லை.

ரீச்சர், ஒரு பின்னேரம் வெளியே போய் வந்தாலே கையில் காசு மிஞ்சுவதில்லை. எதைக் குறைப்பது? (மூன்று பிள்ளைகளின் தாய், ஆரையம்பதி)

மகள், கடற்கரைக்கு ரிக்கெட் இல்லை, வாவிக்கரைக்கும் இல்லை. காசு போவது ஓட்டோவுக்கும் கடைச் சாப்பாட்டுக்கும்தான். உங்கள் ஊர் பிரதான வீதியில் பஸ்ஸுக்கு என்ன குறை? கல்லடியில் இறங்கிக் கடற்கரைக்கு நடக்கலாம். பிள்ளைகள் நடக்கட்டும், கால் தேயாது. மத்தியானச் சோறு வயிறு நிறையக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அவித்த கௌபியில் தேங்காய்ப்பூ போட்டு ஒரு டப்பாவில், தண்ணீர்ப் போத்தல் ஆளுக்கொன்று. ஐஸ்பழக்காரனின் மணிச் சத்தத்தை யாராலும் நிறுத்த முடியாது. அதனால் “ஆளுக்கு ஒரு ஐஸ்பழம்” என்று வீட்டு வாசலிலேயே பேசி முடித்து, அந்தக் காசை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். தன் கைக்காசு என்றால் ஆறு வயதுப் பிள்ளையும் யோசித்துத்தான் செலவழிக்கும்.

ஓகஸ்ட் வெயிலில் கல்லடிக் கடற்கரைக்கு எத்தனை மணிக்குப் போவது? (தகப்பன், மட்டக்களப்பு நகர்)

நாலு மணிக்குப் பிறகு. நமக்குக் கடல் கிழக்கே. காலையில் எட்டு மணிக்கே வெயில் நேரே முகத்தில் அடிக்கும். பின்னேரம் சூரியன் முதுகுப் பக்கம் போய்விடும், சவுக்கு மர நிழல் கடல் பக்கமாக நீண்டு விழும். கச்சான் காற்று மண்ணை வாரி இறைக்கும் நாளில் மட்டும் போகாதீர்கள், கண்ணெல்லாம் மணல். கல்லடியில் கால் நனைக்கலாம், குளிக்க விடக் கூடாது. அலை இழுக்கும்.

திரும்பும்போது பழைய இரும்புப் பாலத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 1924இல் திறந்த பாலம் அது. பக்கத்திலுள்ள புதுப் பாலம் 2013இல் வந்தது. சூரியன் வாவிக்குள் இறங்குவதை அங்கிருந்து பார்க்கலாம். தோணியில் நிற்கும் மனிதர் வீச்சு வலையைத் தோளில் மடித்துப் போட்டு, ஒரு ஓரத்தைப் பல்லால் கவ்விக்கொண்டு, உடம்பைத் திருப்பி வீசுவார். வலை வட்டமாக விரிந்து விழும். என் பேரன் “இன்னொரு தரம், இன்னொரு தரம்” என்று அந்த இடத்தை விட்டு அசையவே மாட்டான்.

பாடும் மீன் கேட்க வேண்டும் என்று மகள் அடம் பிடிக்கிறாள். (தாய், ஊறணி)

வாக்குக் கொடுத்துவிடாதீர்கள் தங்கச்சி. பாலத்தில் நின்றால் வாகனச் சத்தம்தான் கேட்கும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான மாதங்களில், முழுநிலா இரவில், தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு அதன் பிடியில் காதை வைத்து, மீன் பாடுவதாகச் சொல்லும் அந்த வாவி ஓசையைக் கேட்பார்கள். சின்னப் பிள்ளையை இரவில் தோணியில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கொஞ்சம் வளரட்டும்.

வான் பிடிக்காமல் பாசிக்குடாவுக்குப் போய் வரலாமா? பிள்ளைக்கு நாலு வயது. (தகப்பன், களுவாஞ்சிகுடி)

தாராளமாக. சின்னப் பிள்ளையைத் தண்ணீரில் இறக்க நம்மிடம் இருப்பதில் பாசிக்குடாவுக்கு நிகர் இல்லை. குடா வளைந்து கிடப்பதால் அலை குறைவு. வெகுதூரம் போனாலும் முழங்கால், இடுப்பு அளவுதான். அதற்காகக் கையை விடலாம் என்றில்லை. நகரிலிருந்து 35 கிலோமீற்றர் அளவு. பஸ்ஸில் வாழைச்சேனை, அங்கிருந்து ஓட்டோ. ஏறும் முன்பே திரும்பி வருவதற்கும் சேர்த்து விலை பேசுங்கள். ரயிலைப் பார்த்திராத பிள்ளை என்றால் ஒரு வழிக்காவது ரயிலில் போங்கள். மூன்று வயதுக்குக் கீழே இலவசம், பன்னிரண்டு வரை அரை ரிக்கெட். நேரத்தை முதல் நாளே நிலையத்தில் கேட்டு வையுங்கள். நினைத்த நேரத்துக்கெல்லாம் ரயில் கிடையாது. வெள்ளி, சனியை விடச் செவ்வாய், புதன் நல்லது.

கடலைத் தவிர வேறு ஏதாவது? (இரண்டு மகன்மாரின் தாய், செட்டிபாளையம்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! குருமண்வெளிக்குப் போய்ப் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறி மண்டூருக்குப் போங்கள். மனிதரும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஒரே தட்டில் நின்றபடி வாவியைக் கடக்கிற பயணம். கூலி சொற்பம். உங்கள் மகன்மாருக்கு அது கப்பல்தான். நடுவில் நிற்க வையுங்கள், ஓரக் கம்பியில் சாய விடாதீர்கள், அடை மழைக் காலத்தில் வேண்டாம். கிளம்பும் முன் அன்றைக்கு ஓடுகிறதா என்று அந்தப் பக்கத்தில் யாரிடமாவது கேளுங்கள். அக்கரையில் மண்டூர் முருகன் கோயில். சின்னக் கதிர்காமம் என்பார்கள். கும்பிட்டு, மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டு, அதே பாதையில் திரும்பலாம்.

அம்பாறைப் பக்கம் இருக்கிறோம். எல்லாவற்றுக்கும் மட்டக்களப்புக்கே வர வேண்டுமா? (தாய், காரைதீவு)

ஏன் வர வேண்டும்? விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? அவர் மணிமண்டபத்தைக் காட்டி, அங்கேயே தொடங்குங்கள். திருக்கோவில் முருகன் கோயில் கடலை ஒட்டியது; பின்னேரப் பூசைக்குப் போய்க் காற்று வாங்கலாம், ஆனால் அந்தக் கடலில் பிள்ளைகளை இறக்காதீர்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்து வான் பிடித்தால் இங்கினியாகலை. அங்குள்ள சேனாநாயக்க சமுத்திரம் நாட்டிலேயே பெரிய குளம். படகுச் சவாரிக்குச் செலவு கூட. அணைக்கட்டில் நின்று பார்த்தாலே பிள்ளைகளுக்குப் போதும். யானை நடமாடும் பிரதேசம், இருட்டும் முன் திரும்பிவிடுங்கள்.

டிசம்பர் விடுமுறை முழுக்க மழை. என்ன செய்வது? (தகப்பன், ஏறாவூர்)

தூரப் பயணம் வேண்டாம். மழை விட்ட காலையில் நகரத்துக்கு வாருங்கள். காந்தி பூங்காவில் ஓட விட்டு, பக்கத்திலேயே வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலையைக் காட்டலாம், 1814இல் வந்தவர். அங்கிருந்து கோட்டை கிட்டத்தான். போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது. வரலாறு சொல்லி அறுக்காதீர்கள், பீரங்கியைத் தொட்டுப் பார்க்கட்டும்.

வாவியில் குளிக்க விடலாமா? (தாய், நாவற்குடா)

கூடாது. முதலை இருக்கிறது.