மறுபடி நிரப்புவதற்கு வாங்கும் ரைஃபிள் தோட்டாக் கேஸ்களில் தரமானது எது என்று எப்படிப் பார்ப்பது?

கேட்டிருப்பவர் டெக்சஸில் இருக்கிறார், .308 வின்செஸ்டர் ரைஃபிள் வைத்திருக்கிறார். அங்கே சுடுதளத்தில் ‘ஒரே ஒரு முறை சுட்டது’ என்று சொல்லிக் காலி கேஸ்களை, அதாவது குண்டு போன பிறகு மிஞ்சும் பித்தளைக் கூடுகளை, பையோடு விலை பேசுகிறார்களாம். வாங்கலாமா, நல்ல பிராண்டாகப் பொறுக்கி எடுத்தால் போதுமா என்பது கேள்வி.

நான் துப்பாக்கிக்காரன் இல்லை. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரன். கஞ்சிக்கோட்டில் ஒரு பிரஸ் ஷாப்பின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பித்தளைத் தகட்டைக் கிண்ணமாகவும் குழலாகவும் இழுப்பதற்கு டை, அதாவது அச்சு, செய்வதுதான் பிழைப்பு. என் அக்கா மகன் அமெரிக்காவில் சொந்தமாகத் தோட்டா நிரப்பிச் சுடுகிறவன். அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு டப்பாவை மேசையில் கவிழ்த்து, “மாமா, நீங்க பித்தளையிலயே கெடந்தவரு, இதுல எது தேறும்னு சொல்லுங்க” என்றான். ஆகவே என் பதில் பித்தளைக்காரன் பதில். எத்தனை கிரெயின் (நிறுக்கும் சின்ன எடை அளவு) வெடிமருந்து போடலாம் என்று என்னிடம் கேட்காதீர்கள், அதற்கு அச்சடித்த கையேடு இருக்கிறது.

முதலில் பளபளப்பை மறந்துவிடுங்கள். வால்நட் ஓட்டுத் தூளோடு டம்ளர் இயந்திரத்தில் சுற்றினால் எந்தப் பழைய கேஸும் புதுசாக மின்னும். விற்கிறவர் மெனக்கெட்டு மினுக்கி வைத்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் கூடும். பார்க்க வேண்டியது இரண்டு: அடி கெட்டியாக இருக்கிறதா, குண்டைப் பிடிக்கும் கழுத்து இளக்கமாக இருக்கிறதா.

கேஸுக்குப் போகும் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். பட்டியலில் இதற்கு சி26000 என்று எண். லேத்தில் திருகு வெட்டுகிற பித்தளையில் ஈயம் கலந்திருக்கும், அதை இப்படி இழுத்தால் கிழிந்துவிடும். இந்த 70-30 நன்றாக நீளும். தகட்டிலிருந்து வில்லை வெட்டி, கிண்ணமாக அடித்து, டை மாற்றி மாற்றி இழுத்துக் குழலாக்குவார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் பித்தளை முறுகிக் கெட்டிப்படும். முறுகினதை மேலும் இழுத்தால் வெடிக்கும் என்பதால் நடுநடுவே உலையில் காட்டி இளக்குவார்கள். அடிப்பாகத்தை மட்டும் கடைசியில் பிரஸ்ஸில் நசுக்கி முத்திரை அடித்து, இளக்காமல் அப்படியே விடுவார்கள். .308-க்கு அமெரிக்கத் தர அளவுப்படி உச்ச அழுத்தம் சதுர இன்ச்சுக்கு 62,000 பவுண்டு. அதைத் தாங்குவது அந்த முறுகின அடிதான். கழுத்தின் வேலை வேறு: சுட்டதும் விரிந்து, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டி வாயு பின்னால் வராமல் அடைக்க வேண்டும், அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கி விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கு இளகின பதம் வேண்டும். ஒரே துண்டில் இரண்டு பதம் வைப்பதில்தான் தயாரிப்பாளரின் திறமை இருக்கிறது.

ராணுவக் கேஸ்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை தெரியும். அது அழுக்கு இல்லை, கடைசியாகச் சூடு காட்டினதன் அடையாளம். வேலை நடந்திருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அதை விட்டுவைக்கிறார்கள். வேட்டைக்காரர்களுக்கு விற்கும் கம்பெனிகளில் பலரும் அதே வேலையைச் செய்துவிட்டுக் கறையைத் துடைத்துவிடுகிறார்கள்.

பையைக் கொட்டினதும் முதலில் காந்தம். பழைய இரும்புக் கடைக்காரர் செய்வதேதான். பித்தளை முலாம் பூசின எஃகுக் கேஸ் உண்டு, அது ஒட்டிக்கொள்ளும், தள்ளிவிடுங்கள். அடுத்தது அடி முத்திரையைப் பார்த்துக் குவியல் குவியலாகப் பிரியுங்கள். ‘எல்சி’ என்றும் இரண்டு இலக்க வருடமும் இருந்தால் லேக் சிட்டி ராணுவ ஆலை. வட்டத்துக்குள் சிலுவை போட்டிருந்தால் நேட்டோ அளவு. 7.62 ராணுவக் கேஸும் .308 கேஸும் வெளியே அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ராணுவக் கேஸுக்குப் பெரும்பாலும் சுவர் தடிமன் அதிகம், அதனால் உள்ளே இடம் குறைவு. ஒன்றுக்கு அளந்த மருந்தை மற்றதில் கொட்டினால் அழுத்தம் ஏறிவிடும். கலப்புப் பை மலிவு என்று வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ராணுவக் கேஸில் இன்னொரு வில்லங்கம்: ‘ஒருமுறை சுட்டது’ என்பது உண்மையாகவே இருந்தாலும், எதில் சுட்டது? இயந்திரத் துப்பாக்கியின் அறை தளர்வாக இருக்கும். அதில் ஒரே தடவை சுட்டாலும் கேஸ் நீண்டு, சுவர் மெலிந்துவிடும். கையால் தாழ்ப்பாளை இழுத்துச் சுடும் உங்கள் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் பல தடவை சுட்ட கேஸ் இதைவிட நல்ல நிலையில் இருக்கலாம். எத்தனை தடவை என்பதோடு எங்கே சுட்டது என்றும் கேளுங்கள். விற்கிறவருக்குத் தெரியவில்லை என்றால் விலையைப் பாதியாகக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

உள்ளே எட்டிப் பாருங்கள். அடியில் குழிக்குள் உட்கார்ந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடிக்குப் பிரைமர் என்று பெயர், அதன் தீ உள்ளே வருகிற துளையைத்தான் பார்க்க வேண்டும். அடியில் நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்ஸர் வகை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னத் துளை இருந்தால் பெர்டன் வகை. பாக்ஸர் இங்கிலாந்துக்காரர், பெர்டன் அமெரிக்கர், இரண்டுமே 1860-களில் வந்தவை. வேடிக்கை என்னவென்றால் அமெரிக்கா பாக்ஸரைப் பிடித்துக்கொண்டது, ஐரோப்பா பெர்டனைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் நிரப்புகிறவருக்குப் பாக்ஸர்தான் தோது. பெர்டனில் நடுத்துளை இல்லாததால் பழைய பிரைமரை உள்ளே இருந்து ஊசியால் தள்ள முடியாது. துளை மையத்தில் இருக்கிறதா, உள்பக்கம் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். துளையைப் பஞ்ச்சால் குத்தினால் பிசிறு விழும், டிரில் போட்டால் சுத்தமாக இருக்கும். பிசிறு மட்டும்தான் குறை என்றால் ஒதுக்க வேண்டாம், சுரண்டி எடுக்கக் கருவி கிடைக்கிறது.

இப்போது உயிர் போகிற விஷயம். கேஸின் அடிப்பக்கம், கெட்டியான அடி முடிந்து சுவர் மெலிய ஆரம்பிக்கிற இடத்தில், சுற்றிலும் ஒரு வெளிர் கோடு தெரிகிறதா என்று சன்னல் வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். அங்கேதான் கேஸ் இரண்டாகப் பிய்யும். மினுக்கின கேஸில் அந்தக் கோடு மங்கிப்போயிருக்கும், ஆகவே கண்ணை மட்டும் நம்ப முடியாது. ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் செங்கோணமாக மடித்து, உள்ளே விட்டு அடியிலிருந்து சுவரோடு ஒட்டி மெதுவாக மேலே இழுங்கள். நல்ல கேஸில் வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்ததில் நுனி ஒரு பள்ளத்தில் தடுக்கும். அக்கா மகனின் குவியலில் அப்படித் தடுக்கின ஒன்றை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்து, எமரித் தாளில் தேய்த்துக் காட்டினேன். வெளியே ஒரு குறையும் தெரியாத கேஸ், உள்ளே அந்த இடத்தில் மட்டும் சுற்றிலும் வாய்க்கால் வெட்டினதுபோலச் சுவர் கால்வாசிக்கு வந்திருந்தது. அவன் பேசாமல் அந்தக் குவியலையே ஓரமாகத் தள்ளினான். அறுக்க ஒரு கேஸை இழப்பது நஷ்டமில்லை, ஒவ்வொரு லாட்டிலும் (ஒரே தொகுதியாகச் செய்த சரக்கு) ஒன்றை அறுத்துப் பாருங்கள்.

இப்படி மெலிவதற்குக் காரணம் பித்தளை மட்டும் அல்ல. ஒவ்வொரு தடவையும் கேஸைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் டையில் விட்டு, கழுத்துக்குக் கீழே சரியும் தோளைத் தேவைக்கு மேல் பின்னால் தள்ளினால், அடுத்த சுடலில் அத்தனையும் நீண்டாக வேண்டும். ஒரு இன்ச்சை ஆயிரமாகப் பிரித்து அதில் ஒன்றிரண்டு பங்கு தள்ளினால் போதும் என்கிறார்கள் அனுபவசாலிகள். கேஸின் மொத்த நீளம் .308-க்கு 2.015 இன்ச்சைத் தாண்டக் கூடாது, தாண்டினால் 2.005-க்கு வெட்டிக்கொள்வது வழக்கம்.

பிரைமர் குழி தளர்ந்திருந்தால் பேச்சே இல்லை. முன்னால் வைத்திருந்தவர் அளவுக்கு மீறி மருந்து போட்டிருக்கிறார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. குழியைச் சோதிக்க, ஒரு முனை நுழைய வேண்டும், மறு முனை நுழையக் கூடாது என்று செய்த கோ, நோ-கோ கேஜ் விற்கிறார்கள். டூல் ரூம்காரன் என்பதால் சொல்கிறேன், வாங்க வேண்டிய முதல் கருவி அதுதான்.

கழுத்தில் விரிசல் இருந்தால் ஒரு கைப்பிடி கேஸை அள்ளிக் குலுக்கினாலே தெரியும். பாத்திரக் கடையில் குடத்தைச் சுண்டிப் பார்த்து வாங்குவதுபோல, விரிந்த கேஸின் ஓசை மற்றதோடு சேராது.

விரிசல் என்றதும் எங்கள் பக்கத்து ஆளாக ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் இருந்த படைகளின் தோட்டாக்கள், யாரும் சுடாமலே, மழைக்காலத்தில் விரிசல் விட்டன. வைத்திருந்த இடம் குதிரை லாயம். மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா, மழை ஈரம், இழுத்த பித்தளைக்குள் அடங்கிக் கிடக்கும் இறுக்கம் மூன்றும் சேர்ந்தால் பித்தளை தானாக வெடிக்கும். அம்மோனியாதான் காரணம் என்று 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் விளக்கினார்கள். பருவக் காற்று நேராக வந்து விழுகிற பாலக்காட்டுக் கணவாயில், மாட்டுத் தொழுவத்தின் மேல் பரண் வைத்திருக்கிற வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே கேஸைத் துலக்க அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷ் வேண்டாம். புளி, எலுமிச்சை மாதிரிப் புளிப்பில் கொஞ்ச நேரம் போட்டு அலசலாம், ஊறவிடக் கூடாது. ஊறினால் ரோஸ் நிறம் தட்டும். வாங்கும்போதே ரோஸ் படர்ந்த கேஸ் இருந்தால் ஒதுக்குங்கள்.

எடை போட்டுப் பிரிப்பதில் சிலர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அதில் அத்தனை நம்பிக்கை இல்லை. உங்களுக்குத் தேவை உள் கொள்ளளவு, எடை சொல்வது மொத்தப் பித்தளையை. அடி விளிம்பை ஒட்டின காடி கொஞ்சம் ஆழமாக வெட்டுப்பட்டிருந்தாலும் எடை மாறும். அதற்குப் பதில் லாட்டுக்குச் சிலதை எடுத்து, சுட்ட பிரைமர் குழியிலேயே இருக்க, தண்ணீர் நிரப்பி நிறுத்துப் பாருங்கள். அதைவிடக் கழுத்துச் சுவரின் தடிமனைச் சுற்றிலும் அளப்பது மேல். உருண்டை முனை வைத்த பால் மைக்ரோமீட்டரில் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் வித்தியாசம் இன்ச்சின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குக்குள் இருந்தால் நல்ல டையில் வந்த சரக்கு. மூன்றுக்கு மேல் போனால் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், போட்டிக்கு வேண்டாம்.

பிராண்ட் கேட்டீர்களே, விலை அதிகமான பின்லாந்துச் சரக்கு லாபுவா இந்த அளவில் சீராக வருவது உண்மைதான். ஆனால் ஒரே லாட்டில் புதிதாக வாங்கின சாதாரணக் கேஸ், நாலு கை மாறின உயர்ந்த பிராண்டைவிட எனக்குப் பிடிக்கும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்தப் பையை வாங்க மாட்டேன்.

ஊருக்கு வரும்போது ஒன்றை நினைவாகப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும் தோட்டா என்ற வரையறைக்குள் வருகின்றன, காலிக் கேஸ்தானே என்று விமான நிலையத்தில் வாதாடிக்கொண்டிருக்க முடியாது. இங்கே உரிமம் இல்லாமல் நிரப்புவதையும் அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு தடுக்கிறது.