படத்தின் மேல் தறிக்கடனை ஏற்றலாமா?

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 25. ஊர் சோமனூர் பக்கம். அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். எட்டுத் தறி, அதன் மேல் பேங்க் கடன். கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தும்போதெல்லாம் வீட்டுச் செலவும் தவணையும் என் சம்பளத்தில்தான் ஓடும். பி.காம். முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். மாதம் 24,000 ரூபாய். தம்பி இன்ஜினியரிங் மூன்றாம் வருடம்.

சின்ன வயதிலிருந்து வரைகிறேன். எங்கள் தறிக்குடோனைத்தான் வரைவேன்: நீளவாட்டில் இழுத்த பாவு நூல், குறுக்கே ஓடும் நாடா, பஞ்சு படிந்த ட்யூப்லைட், நாடாவுக்கு நூல் தார் சுற்றும் அம்மா. கோவையில் ஒரு குழுக் கண்காட்சியில் என் படம் ஒன்று விலை போனது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வரையலாம் என்ற எண்ணம் அதிலிருந்து என்னை விடவில்லை. கம்பெனியில் பிரிண்ட் டிசைன் செக்‌ஷனுக்கு வரச் சொன்னார்கள். டி-ஷர்ட்டுக்குப் பொம்மை போடவா இத்தனை ஆசைப்பட்டேன் என்று மறுத்துவிட்டேன்.

விசேஷத்துக்குப் போனால் பெரியம்மா, “படம் வரைஞ்சா சோறு போடுமா கண்ணு? நாளைக்குப் போற எடத்துல இதையெல்லாம் ஒத்துக்குவாங்களா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறார். அப்பா எதிர்த்தால் சண்டையாவது போடுவேன். அவரோ, “பாத்துக்கலாஞ் சாமி” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார். அதுதான் தாங்க முடியவில்லை.

இப்போது சில மாதங்களாகப் பிரஷ்ஷைத் தொட்டால் நெஞ்சு படபடக்கிறது. ராத்திரி தூக்கம் இல்லை. நான் சுயநலக்காரியா மேடம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

தூக்கத்தைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். தூக்கமின்மையும் படபடப்பும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலே ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு மாதங்களாகிவிட்டன. இனியும் தள்ளிப்போட வேண்டாம். கோவை அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். இலவசம், தமிழிலும் பேசுவார்கள். வேலையை விடுவதா வேண்டாமா என்ற முடிவு அதற்குப் பிறகுதான். தூங்காத மனசு எடுக்கும் முடிவை நம்பக் கூடாது.

தவணை கட்டிக்கொண்டே “நான் சுயநலக்காரியா” என்று கேட்கிறீர்கள். இல்லை. உங்களுக்கு ஒரு ஆசை இருக்கிறது, ஒரு கடமையும் இருக்கிறது. இரண்டுமே உண்மையானவை. அதனால்தான் வலிக்கிறது.

பிரஷ்ஷைத் தொட்டதும் படபடக்கிறது என்ற அந்த வரியில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. ஒரு படம் விலை போனதிலிருந்து, நீங்கள் வரைய உட்காரும்போதெல்லாம் கடன், தம்பியின் ஃபீஸ், பெரியம்மாவின் கேள்வி எல்லாம் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. படம் படமாக இருந்தால் போதவில்லை, நீங்கள் செய்தது சரிதான் என்று ஊருக்கு நிரூபிக்கவும் வேண்டியிருக்கிறது. 1985-ல் டெரசா அமாபிலே என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு ஆய்வை வெளியிட்டார். எழுதுகிறவர்களில் ஒரு பிரிவினரைப் பணம், பேர் போன்ற வெளிக்காரணங்களைச் சற்று நேரம் யோசிக்க வைத்துவிட்டுக் கவிதை எழுதச் சொன்னார். அப்படி யோசித்தவர்களின் கவிதைகளில் படைப்புத்திறன் குறைந்திருந்தது. சற்று நேர நினைப்புக்கே இந்த பலம் என்றால், மாதாமாதம் வரும் தவணை உங்கள் கையை என்ன செய்யும்? நாளைக்கே வேலையை விட்டால் அந்தச் சுமை குறையாது. மொத்தமாகப் படத்தின் தலையில் ஏறும்.

அதனால் சோற்றுக்கு ஒரு வழி தனியாக இருக்கட்டும் என்கிறேன். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. 1966-ல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் நிலம் வாங்கினார்கள், சாப்பிட்டார்கள். ஓவியம் அந்தந்த மாதமே காசு தர வேண்டும் என்ற கட்டாயம் அதனால் நீங்கியது. அவர்களை யாரும் ஓவியர் இல்லை என்று சொல்லவில்லை.

பிரிண்ட் டிசைன் செக்‌ஷன் விஷயத்தை இந்தக் கண்ணோடு இன்னொரு முறை பாருங்கள். ஷிப்மென்ட் நெருங்கினால் மெர்ச்சன்டைசருக்கு ராத்திரி பகல் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த செக்‌ஷனில் எத்தனை மணிக்கு வீட்டுக்கு விடுகிறார்கள் என்று அங்கே இருப்பவர்களிடமே விசாரியுங்கள். வேலை ஒழுங்கான நேரத்துக்கு முடியும் என்றால் போகலாம். நாளெல்லாம் திரையைப் பார்த்துக் கண் சோர்ந்து, வீட்டில் வரைய முடியாமல் போகும் என்றால் வேண்டாம். டி-ஷர்ட் பொம்மை மட்டமா உசத்தியா என்பதை இதில் கொண்டுவராதீர்கள். மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமி இளம் கலைஞர்களுக்கு உதவித்தொகை தருகிறது. அதன் அறிவிப்பு வரும்போது தறிக்குடோன் படங்களை அனுப்பிப் பாருங்கள்.

பெரியம்மாவுக்கு நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. “வேலைக்குப் போறனுங்க பெரியம்மா, படமும் வரையறனுங்க” என்பது போதும். தவணையில் பங்கு இல்லாதவர்களுக்கு அதற்கு மேல் கணக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் கல்யாணப் பேச்சு வந்தால் வரைவதை மறைக்காதீர்கள். முதல் பேச்சிலேயே மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடட்டும். அது பிடிக்காத இடம் தானாக விலகிப் போனால் உங்களுக்குத்தான் நல்லது.

அப்பாவின் மௌனத்தை எதிர்ப்பு என்று நீங்களே எடுத்துக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். மகள் சம்பளத்தில் வீடு நடக்கிறதே என்ற கூச்சமாகவும் அது இருக்கலாம். சம்மதம் கேட்டு அவர் முன்னால் நிற்காதீர்கள். தறி ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவையும் தம்பியையும் வைத்துக்கொண்டு, கடன் பாக்கி எவ்வளவு, தம்பி படிப்பு முடிய எத்தனை செமஸ்டர், அவன் வேலைக்குப் போனதும் தவணையில் எவ்வளவு ஏற்பான் என்று நோட்டில் எழுதுங்கள். உங்களுடைய வரையும் நேரத்துக்கும் அதே நோட்டில் ஒரு வரி இருக்கட்டும். வாரத்தில் எந்தெந்த நாள், எந்த நேரம் என்று வீட்டார் எல்லோரும் ஒத்துக்கொண்ட நேரமாக இருக்க வேண்டும். திருட்டுத்தனமாக வரைகிற உணர்வு குறைந்தால் படபடப்பும் ஓரளவு குறையும் என்று எதிர்பார்க்கிறேன்.

தம்பி சம்பாதிக்கத் தொடங்கி, ஆறு மாதச் செலவும் கையில் சேர்ந்த பிறகு முழுநேரம் வரையத் தோன்றினால், தாராளமாக விடுங்கள். அப்போதும் ராஜினாமாக் கடிதத்தை விசேஷ வீட்டுக் கோபத்தில் எழுத வேண்டாம். அடுத்த கண்காட்சிக்கான படங்கள் தயாரான பிறகு எழுதுங்கள்.