பைசெக்ட் தவறான மாற்றத்தைக் காட்டினால் என்ன செய்வது?

கேள்வி: லினக்ஸ் கெர்னலை 6.6-லிருந்து 6.7-க்கு மாற்றியதிலிருந்து, மடிக்கணினியை உறக்கநிலையிலிருந்து எழுப்பும்போது ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறை வைஃபை வருவதில்லை. பழுதைப் புகுத்திய மாற்றத்தைத் தேடிப் பிடிக்க, கிட் கருவியின் பைசெக்ட் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். வைஃபைக்குத் தொடர்பே இல்லாத ஓர் ஒலி டிரைவர் மாற்றத்தில் போய் நின்றது. எங்கே தவறினேன்?

பதில்: ஒவ்வொரு சுற்றிலும் நடுவிலுள்ள ஒரு கெர்னலைச் சோதித்து நீங்கள் சொல்லும் ‘நல்லது’ அல்லது ‘கெட்டது’ என்ற விடையைக் கொண்டு மீதமுள்ள மாற்றங்களைப் பாதியாக்குவதால், 16,384 மாற்றங்கள் இருந்தாலும் 14 சுற்றுகளில் பைசெக்ட் ஒன்றைப் பிடித்துவிடும். ஆனால், நடுவில் ஒரே ஒரு விடை பிசகினாலும் அது தவறான பாதிக்குள் நுழைந்துவிடும்; பிறகு திரும்பிப் பார்க்காது.

உங்களுடையதைப் போல எப்போதாவது தலைகாட்டும் பழுதில், ‘கெட்டது’ என்ற விடையை ஒரே தடவை பார்த்து நம்பலாம்; ‘நல்லது’ என்பதைத்தான் நம்ப முடியாது. மூன்று முறை மட்டும் உறங்க வைத்து எழுப்பிப் பார்த்தால், பழுதுள்ள கெர்னலும் பாதிக்குப் பாதி தப்பித்துவிடும். பதினான்கு முறை பார்த்தால் அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழும், இருபது முறை பார்த்தால் ஏறத்தாழ 1 சதவீதத்துக்கும் இறங்கும். இருபது முறையும் கையால் மூடித் திறக்க வேண்டியதில்லை. கணினியை உறங்க வைத்து, குறித்த நேரத்தில் தானே எழுப்பும் ஆர்டிசிவேக் கட்டளையை ஒரு சிறு ஸ்கிரிப்டில் சுழலவிட்டால் போதும்.

முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். பைசெக்ட் லாக்கை (இதுவரை சொன்ன விடைகளின் பதிவை) ஒரு கோப்பில் சேமித்து, அதில் கடைசியாக ‘நல்லது’ எனக் குறித்த கெர்னலை இருபது முறை சோதியுங்கள். அது தவறினால் அதற்கு முந்தைய ‘நல்லது’ என்று பின்னோக்கிச் செல்லுங்கள். உண்மையிலேயே தேறும் ஒன்று கிடைத்ததும், அதற்கு அடுத்து வரும் பொய்யான ‘நல்லது’ வரியைக் ‘கெட்டது’ என மாற்றி, அதன் பின்னுள்ள வரிகளை நீக்கிவிட்டு, ரீப்ளே கொடுத்து (திருத்திய பதிவை மீண்டும் ஓட்டி) அங்கிருந்து தொடருங்கள்.

இன்னொரு குழியும் உண்டு. நடுச் சுற்றுகளில், ஓடும் கெர்னலின் பதிப்பைச் சொல்லும் யூநேம் கட்டளை 6.6-ஆர்சி2 (6.6 வெளியாகும் முன் வந்த இரண்டாம் சோதனைப் பதிப்பு) போன்ற, உங்கள் நல்ல பதிப்புக்கும் முந்தைய எண்ணைக் காட்டக்கூடும். துணைப்பிரிவுகளின் கிளைகள் பழைய ஆர்சியிலிருந்து பிரிந்து, பிறகே 6.7-இல் இணைந்தவை என்பதே காரணம். எண் பழையதாயிற்றே என்று சோதிக்காமலேயே ‘நல்லது’ எனக் குறித்துவிடுபவர்கள் பலர்.

புதிதாக ஒரு மாற்றம் சிக்கியதும், அண்மைக் கெர்னலில் அதை மட்டும் ரிவர்ட் செய்து (நீக்கி), மீண்டும் அதே இருபது முறை சோதியுங்கள். பழுது நீங்கினால், லாக்கையும் இணைத்து அந்த டிரைவரின் பராமரிப்பாளருக்கு எழுதலாம்.