வாசகர் கேள்விகள்: லோங்கேவாலாவில் இறந்தது எத்தனை பேர்?

கே: 1971 லோங்கேவாலா சண்டையைக் காட்டும் ‘பார்டர்’ (1997) படத்தில் எவ்வளவு உண்மை? (திருச்சி வாசகர்)

ப: முக்கால்வாசி களம் உண்மை, சாவுக் கணக்கு பொய். ராஜஸ்தான் பாலைவனத்தில் டிசம்பர் 4 இரவு, மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் 120 பேரை நோக்கிச் சுமார் 2,000 பாகிஸ்தான் வீரர்களும் நாற்பதுக்கு மேற்பட்ட டாங்கிகளும் வந்தது நடந்ததுதான். நம் விமானப்படையின் ஹன்டர் போர் விமானங்களில் இரவுச் சண்டைக்கான கருவிகள் இல்லை. விடிந்த பிறகே ஜெய்சால்மரிலிருந்து கிளம்பின. அதுவரை தாக்குப்பிடிக்க உதவியது ஒரு முள்கம்பி வேலி! கண்ணிவெடி புதைத்திருக்கும் என்று பயந்து டாங்கிகள் அதன் முன்னே நின்றுவிட்டன. அங்கே கண்ணிவெடியே இல்லை.

படத்தில் நம் வீரர்கள் வரிசையாகச் சாய்கிறார்கள். நிஜத்தில் நம் தரப்பில் இறந்தவர்கள் இரண்டே பேர். சுனில் ஷெட்டி நடித்த பைரோன் சிங் திரையில் வீரமரணம் அடைகிறார். அசல் பைரோன் சிங் 2022 டிசம்பர் வரை வாழ்ந்தார். டாங்கி எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உயிரோடிருந்தவரின் புகைப்படத்துக்கு மாலை போடுவதா?

கே: கையெறி குண்டு வெடித்தால் ஆரஞ்சு நிறத் தீப்பந்து எழுமா? (நாகர்கோவில் வாசகர்)

ப: எழாது. சினிமாவில் அது பெட்ரோல் வேலை. நிஜத்தில் ஒரு ‘டப்’, கறுஞ்சாம்பல் புகை, புழுதி. கொல்வது தெறிக்கும் சில்லுகள். குண்டின் ‘பின்’ ஊசியைப் பல்லால் கடித்து இழுப்பதும் கதைதான். தானாகக் கழன்றுவிடாதபடி பின்னின் இரு கால்களையும் விரித்து வைத்திருப்பார்கள், பல்தான் பெயரும். ஆனால் லோங்கேவாலாவில் தீப்பந்து பொய்யில்லை. தூரப் பயணத்துக்கென டாங்கிகளில் கட்டிவந்த எரிபொருள் பீப்பாய்கள் குண்டு பட்டு எரிந்தன.

கே: ஏ.கே.47 தோட்டா தீரவே தீராதா? (சேலம் வாசகர்)

ப: மேகஸினில் 30. நிமிடத்துக்கு 600 வேகம். விசையை விடாமல் அழுத்தினால் மூன்றே விநாடி. படப்பிடிப்பில் இன்னொரு தொல்லை: வெற்றுத் தோட்டாவில் குண்டு இல்லாததால் குழலுக்குள் வாயு அழுத்தம் போதாது, அடுத்த தோட்டா தானாக ஏறாது. அதனால் குழல் முனையில் சிறு துளையுள்ள அடைப்பைத் திருகுவார்கள். நெருக்கக் காட்சியில் துப்பாக்கி வாய் சின்னதாகத் தெரிந்தால், அதுதான்.