சி ஷார்ப்பில் ஜெனரிக் டைப்பை எனமுக்கு மட்டும் கட்டுப்படுத்துவது எப்படி?

பெருவிரைவு ரயில் பாதைகளை எனமாக (பெயரிட்ட மதிப்புகளின் பட்டியலாக) வைத்து, வரும் ஸ்ட்ரிங்கை ட்ரைபார்ஸ் மூலம் அதற்கு மாற்றும் ஜெனரிக் (எந்த டைப்புக்கும் பொதுவான) மெத்தட் எழுதியிருக்கிறீர்கள். டைப்புக்கான கட்டுப்பாடு வெறும் ஸ்ட்ரக்ட் (எந்த வேல்யூ டைப்பும் வரலாம்) என்பதால் இன்ட் கொடுத்தாலும் கம்பைல் ஆகிறது. ஓடும்போதுதான் ஆர்க்யுமென்ட் எக்ஸெப்ஷன் வருகிறது.

2018இல் வந்த சி ஷார்ப் 7.3 முதல் ‘வேர் டி : ஸ்ட்ரக்ட், எனம்’ என்று எழுதலாம்; டி என்பதுதான் அந்த ஜெனரிக் டைப். ஸ்ட்ரக்ட் முதலில் வர வேண்டும், மாற்றினால் கம்பைலர் ஏற்காது. இரண்டுமே தேவை: எனம் மட்டும் போட்டால், ‘சிஸ்டம்.எனம்’ என்ற அடிப்படை கிளாஸையே டி ஆகக் கொடுத்துவிடலாம். அது ரெஃபரன்ஸ் டைப், நல் மதிப்பும் நுழையும்.

ஆனால் உண்மையான ஆபத்து ட்ரைபார்ஸில் இருக்கிறது. "வடக்குதெற்கு" என்பதற்குப் பதில் "99" என்று வந்தாலும் அது ட்ரூ என்றே சொல்லும். அப்படி ஒரு பாதையே இல்லாவிட்டாலும். கட்டுப்பாடு டைப்பைத்தான் காக்கும், மதிப்பை அல்ல. ஆகவே அடுத்த வரியிலேயே, அந்த மதிப்பு எனமில் உள்ளதா என்று பார்க்கும் இஸ்டிஃபைன்ட் வைத்துச் சோதியுங்கள். பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் ஃப்ளாக்ஸ் எனமுக்கு இது ஒத்துவராது: பெயரிடாத சேர்க்கை சரியானதாக இருந்தாலும் ஃபால்ஸ் வரும்.

டியை நேரடியாக இன்டுக்கு காஸ்ட் செய்ய முடியாது. கன்வர்ட்.டுஇன்ட்32 போதும், ஆனால் பாக்ஸிங் (மதிப்பை ஆப்ஜெக்ட்டாகச் சுற்றி வைப்பது) செலவு உண்டு.